கல் உருளும் சத்தம்

எங்கள் வீட்டில் இரவு இரண்டு மணிக்குக் கல் உருளும். உருண்டு போய்க் கண்ணாடியில் 'டொக்'கென்று முட்டும். முதல் நாள் கேட்டபோது அம்மா விளக்கைப் போட்டு, கதவடியில் நின்று யாரென்று கேட்டார். நாளடைவில் பழகிவிட்டது. "ஒன் புள்ளைங்க வீடு கட்டுதுங்கடா" என்று படுத்த இடத்திலிருந்தே சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொள்வார்.

வீடு கட்டியது ஜெக் டெம்ப்ஸி. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைந்த உடம்பு, கறுப்புப் பட்டில் நீல மணி தைத்தாற்போலப் பொட்டுகள், கடன் கேட்டு வந்தவனைப் பார்ப்பது போன்ற முகம். 1919 முதல் 1926 வரை உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டைச் சம்பியனாக இருந்த அமெரிக்கரின் பெயர் அது. மீனுக்கு அந்தப் பெயரை வைத்தவர் யாரோ, முகத்தைப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். வாயால் ஒரு கவளம் மணலை அள்ளும். இரண்டடி தள்ளிக் கொண்டுபோய்த் துப்பும். திரும்பி வந்து மறுபடி அள்ளும். அடிமணல் போனதும் மேலே இருந்த கல் சரியும். அந்தச் சத்தம்தான்.

தொட்டி 2011-இல் வந்தது. கட்டுகஸ்தோட்டையில் வீட்டை விற்றுவிட்டு அவுஸ்திரேலியா போகவிருந்த ஒருவர், வெறும் தொட்டியைக் கண்ணாடி விலைக்கே தந்தார். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம், 12 மில்லிமீற்றர் கண்ணாடி. எங்கள் வீடு கண்டியில், தேயிலை நூதனசாலைக்கு ஏறும் ஹந்தானை வீதியில், பாதி வழியில் கீழே பிரியும் கொங்கிறீட் பாதையில் இருக்கிறது. (அந்த நூதனசாலை 1925-இல் கட்டிய தொழிற்சாலை. என் பாட்டி அங்கே தூள் சலித்தவர். 2001-இல் அதை நூதனசாலையாகத் திறந்தபோது, டிக்கெட் எடுத்து உள்ளே போக மாட்டேனென்று அம்மா பிடிவாதமாக நின்றார்.) லொறி கடைசி வளைவோடு நின்றுவிட்டது. தோட்டத்துப் பொடியன்கள் எட்டுப் பேர், மாரியம்மன் தேர் தூக்கிப் பழகிய தோள்காரர்கள், கயிறு போட்டு, ஓரங்களுக்கு ரெஜிபோம் அட்டை அணைகொடுத்துத் தூக்கி வந்தார்கள். வாசலில் இறக்கியதும் அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "பொணப்பெட்டி மாதிரில்ல இருக்கு" என்றார்.

நிரப்பினால் ஏறக்குறைய 680 லீட்டர். தண்ணீரின் பாரமே 680 கிலோ. கல், மணல், இரும்புத் தாங்கி எல்லாம் சேர்ந்தால் ஒரு தொன்னை நெருங்கும். ஆகவே கீழ் அறையில், அம்மாவின் கட்டில் இருக்கும் சுவருக்கு இந்தப் பக்கம், நிலத்தில் தனியாகக் கொங்கிறீட் போட்டு அதன்மேல் நிறுத்தினோம். தண்ணீர் பீலித்தண்ணீர். ஹந்தானைப் பீலியில் சவர்க்காரம் போட்டால் நுரை போகவே போகாது. அவ்வளவு மென்மையான தண்ணீர். ஆபிரிக்காவின் மலாவி ஏரி மீன்களுக்கு அது ஒத்துவராது, அவற்றுக்குச் சுண்ணாம்புத் தண்ணீர் வேண்டும். யாழ்ப்பாணத்தில் வீடிருந்தால் கிணற்று நீரிலேயே அவற்றை வளர்த்திருக்கலாம். எனக்கு வாய்த்தவை அமெரிக்கக் கண்டத்துச் சண்டைக்காரர்கள்.

ஆனால் என் வாழ்வின் முதல் சிக்லிட் (இந்த மீன்களின் குடும்பப் பெயர் அது) இதற்கெல்லாம் முன்னால், கண்டி ஏரியில் இருந்தது. சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு அப்பா டவுனுக்குக் கூட்டிப்போவார். எல்லோரும் பொரி வாங்கி ஏரிக்குப் போடுவார்கள். பெரிய மீன்கள் முண்டியடிக்கும் அந்தக் கும்பலில் எனக்கு ஆசையில்லை. ஏரியைச் சுற்றி முக்கோண ஓட்டைகள் வைத்த வெள்ளைச் சுவர் இருக்கிறதல்லவா, அந்த ஓட்டை ஒன்றில் முகத்தைப் பொருத்திக்கொண்டு, கரையோரத்து ஆழமில்லாத தண்ணீரையே பார்ப்பேன். சேற்றில் சாப்பாட்டுப் பீங்கான் அளவுக்கு வட்டக் குழிகள், ஒன்றையொன்று தொடாமல் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் கறுத்த ஆண் மீன் ஒன்று காவல் நிற்கும். பக்கத்துக் குழிக்காரன் எல்லைக்கு வந்தால் இதுவும் எல்லை வரைக்கும் போகும். வாயும் வாயும் முட்டும். இரண்டும் திரும்பிவிடும். ஒரு மணித்தியாலத்தில் நூறு தடவை இது நடக்கும், யாருக்கும் காயம் வராது.

"திலாப்பியாடா. கறிக்கு நல்லாருக்கும். இங்க புடிக்க ஏலாது" என்பார் அப்பா.

ஆபிரிக்க மீன். இலங்கைத் தண்ணீரில் 1952-இல்தான் விட்டார்கள். ஏரியை 1807-இல் கட்டுவித்த மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் வம்சமோ மதுரையோடு உறவுகொண்ட நாயக்கர் வம்சம். எங்கள் கொள்ளுத்தாத்தா திருச்சிப் பக்கம். அந்த ஏரிக்கரையில் நின்றுகொண்டு வந்தான் வரத்தான் கணக்குப் பார்க்கத் தொடங்கினால் கடைசியில் மிஞ்சுவது தண்ணீர் மட்டும்தான்.

தொட்டிக்கு வருகிறேன். கண்டியில் ஒரு கடையில் குஞ்சுகளாக வாங்கினேன். ஒஸ்கார் இரண்டு, டெம்ப்ஸி ஒன்று, கிரீன் டெரர் ஒன்று, கோடு போட்ட கொன்விக்ட் ஒரு சோடி, வெள்ளி நிறத்து டின்ஃபோயில் பார்ப் ஆறு, கண்ணாடி நக்குகிற டேங்க் கிளீனர் ஒன்று. "சின்னதுலயே ஒண்ணாப் போட்டா பழகிரும் சேர்" என்றார் கடைக்காரர். பாதி உண்மை. ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் இருக்கும்வரை உண்மையாகவே பழகிக் கிடந்தன. ஒஸ்கார் மாதத்துக்கு ஓரங்குலம் வளரும் மீன். எட்டாம் மாதம் தொட்டியில் பாகப்பிரிவினை தொடங்கியது. டெம்ப்ஸி இடப்பக்கத்துப் பெரிய கல்லைப் பிடித்துக்கொண்டது. கொன்விக்ட் சோடி கவிழ்த்த பூச்சட்டியைப் பிடித்தது. ஒஸ்கார்களுக்கு நடு மைதானம். கிரீன் டெரருக்கு எதுவும் கிடைக்கவில்லை. போகும் திசையெல்லாம் டெம்ப்ஸி துரத்தியது. வால் கிழிந்து, செதில் உதிர்ந்து, ஹீட்டருக்குப் பின்னால் தலைகீழாக ஒண்டி நின்றது.

எனக்கு நியாயம் செய்யும் ஆவேசம் வந்துவிட்டது. டெம்ப்ஸியைப் பிடித்துத் தனியாக ஒரு பிளாஸ்டிக் பீப்பாயில் போட்டேன். இனிமேல் நிம்மதி என்று தேத்தண்ணி குடித்தேன். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், வால் கிழிந்த கிரீன் டெரர் அந்தக் கல்லடியில் நின்றுகொண்டு சிறிய ஒஸ்காரைப் புரட்டி எடுத்துக்கொண்டிருந்தது. டெம்ப்ஸி துரத்திய அதே பாதை, அதே திருப்பம். பதவி காலியாக இருந்தது மூன்றே நாள்.

மூன்று வாரம் கழித்து, தண்டனை போதும் என்று டெம்ப்ஸியைத் திரும்ப விட்டேன். குட்ஷெட் பஸ் நிலையத்தில் பிக்பொக்கட்காரன் அகப்பட்டதைப் பார்த்திருக்கிறீர்களா? அப்படித்தான். கிரீன் டெரர் அடித்தது. ஒஸ்கார்கள் அடித்தன. எந்த வம்புக்கும் போகாத பார்ப்கள்கூட ஓடி வந்து ஒரு இடி இடித்துவிட்டுப் போயின. பத்து நிமிடத்தில் வலையைப் போட்டுத் தூக்காவிட்டால் செத்திருக்கும்.

எதிர்வீட்டு மாத்தயா அன்று மாலை வந்தார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூடமொன்றில் காலமெல்லாம் தவளைக்கும் மீனுக்கும் தண்ணீர் மாற்றி ஓய்வு பெற்றவர். என்னைச் சிங்களத்தில் 'மல்லி', தம்பி, என்பார். எனக்கு அவர் 'மாத்தயா'தான். கதிரையை இழுத்துத் தொட்டி முன்னால் போட்டு, வெற்றிலையை மென்றபடி அரை மணித்தியாலம் வாய் திறக்காமல் பார்த்தார். பிறகு அவருடைய தமிழில் சொன்னார்:

"மல்லி, மீன் கெட்டது இல்ல. கல்லு கெட்டது."

அன்றிரவு அவர் செய்ததைத்தான் அதற்குப் பிறகு பதினைந்து தடவையாவது செய்திருப்பேன். முதலில் எல்லா மீனுக்கும் வயிறு நிறையத் தீனி. பிறகு தொட்டி விளக்கை அணைத்தார். சாரத்தை மடித்துக் கட்டி, முக்காலியில் ஏறி, தோள்வரை கையை விட்டு, ஒவ்வொரு கல்லாக வெளியே எடுத்தார். கெட்டம்பேயில் ஆற்றோரத்திலிருந்து கோணிச்சாக்கில் சுமந்து வந்த வழுவழுப்பான மகாவலிக் கற்கள் அவை. பூச்சட்டி, பைப் துண்டு, மரவேர், எல்லாம் வெளியே வந்தன. மணலைக் கையால் பரசி மட்டமாக்கினார். அம்மா கதவோரம் நின்று, "சாமி கும்புடுற மாதிரி செய்றாரே" என்றார். பிறகு எல்லாவற்றையும் வேறு இடங்களில் அடுக்கினோம். பெரிய கல் இடமிருந்து வலத்துக்கு. பூச்சட்டியின் வாய் சுவரைப் பார்த்து. ஒரு கல்லடியில் நிற்கும் மீனுக்கு இன்னொரு கல்லடி தெரியக் கூடாது. அதில்தான் அவர் அதிக நேரம் எடுத்தார். தொட்டியின் ஓரத்தில் மீனின் உயரத்துக்குக் குனிந்து, ஒரு கண்ணை மூடி, "இங்கருந்து அவன் தெரியுது... இன்னும் கொஞ்சம் தள்ளு" என்று நில அளவைக்காரர் மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்த பிறகு, இருட்டிலேயே டெம்ப்ஸியை மெதுவாக விட்டோம்.

காலையில் தொட்டி, புதுப் பள்ளிக்கூடத்தின் முதல் நாள் வகுப்பறை மாதிரி இருந்தது. எல்லா மீன்களும் உடம்பை வெளிறவைத்துக்கொண்டு, கல்லைக் கல்லாக முகர்ந்து பார்த்து அலைந்தன. யாருக்கும் சொந்த இடம் இல்லை. பழைய மீனென்று எதுவும் இல்லாததால் புது மீனும் இல்லை. சண்டை வந்தது, வராமலில்லை. வாய்க்கு வாய் பிடித்து இழுத்தார்கள், வாலால் தண்ணீரை அறைந்தார்கள். ஆனால் இரண்டு தரப்பும் சமமாக நின்று போட்ட சண்டை. மூன்றாம் நாள் எல்லைகள் விழுந்தன. டெம்ப்ஸிக்கு மறுபடியும் பெரிய கல். கிரீன் டெரருக்கு இந்தத் தடவை மரவேர் கிடைத்தது. அந்த வாரம்தான் அம்மா முதன்முதலாகக் கல் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தார்.

ஆறடித் தொட்டியில் இப்படிக் கல்லை அடுக்கினால்தான் பிழைப்பு. நெருக்கிப் போட்டால் சண்டை பரவிக் குறையும் என்பது மலாவி மீன்களுக்குப் பொருந்தும். அங்கே கூட்டத்தில் ஒருவனைக் குறிவைக்க முடியாது. மத்திய அமெரிக்க மீன்கள் சோடியாகக் குடும்பம் வைக்கிறவை. நெருக்கினால் கொலைதான். அதேபோல், கூட இருக்க வேண்டிய ஆட்களையும் பார்த்துப் போட வேண்டும். அந்தப் பார்ப்களை நான் வாங்கியது அழகுக்காக. அவற்றின் வேலை என்னவென்று பிறகுதான் புரிந்தது. மேல்தண்ணீரில் ஆறு மீன் அலட்சியமாக நீந்திக்கொண்டிருந்தால்தான் கீழே இருக்கிறவர்களுக்கு ஆபத்தில்லை என்ற நம்பிக்கை வரும். மலையில் கொழுந்தெடுக்கிற பொம்பிளைகள் சத்தமாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தால் குளவிக்கூடு கலையவில்லை என்று கீழே இருக்கும் எங்களுக்குத் தெரியுமே, அந்த மாதிரி. பார்ப்களை எடுத்துவிட்டுப் பாருங்கள், ஒஸ்கார் ஒரு மூலையில் போய்க் குப்புற விழுந்து கிடக்கும்.

தப்பான ஆட்களையும் போட்டிருக்கிறேன். ஒருமுறை அடிமணலைச் சுத்தம் செய்யட்டும் என்று, விரல் நீளத்துக் கோரி என்கிற கெளுத்தி இன மீன்களை விட்டேன். பெரிய ஒஸ்கார் ஒன்றை விழுங்கப் பார்த்தது. அந்தச் சின்ன மீன் துடுப்பு முள்ளுகளை விறைத்துக்கொண்டு தொண்டையில் குறுக்கே நின்றுவிட்டது. என் மனைவி ஈரத் துவாயில் ஒஸ்காரைப் பிள்ளை மாதிரி ஏந்திப் பிடிக்க, நான் புருவம் பிடுங்குகிற இடுக்கியால் முள்ளை வெளியே எடுத்தேன். ஒஸ்கார் பிழைத்தது. இடுக்கியை அவர் திருப்பி வாங்கவில்லை.

அந்த டேங்க் கிளீனர் ஓரடிக்கு வளர்ந்தபோது, ஏரியில் விட்டுவிடு என்று நண்பர்கள் சொன்னார்கள். மாத்தயாவுக்குக் கோபம் வந்ததை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். இந்தத் தீவின் ஆறுகளிலும் குளங்களிலும் இன்று டேங்க் கிளீனர்கள் பெருகிக் கிடப்பது, கத்தி மீன் பெருகிக் கிடப்பது, எல்லாம் இப்படி மனமிரங்கி விட்டவர்களின் கைங்கரியம். அது எங்கள் தொட்டியிலேயே கிழடாகட்டும் என்று வைத்துக்கொண்டோம்.

கொன்விக்ட் கதையைச் சொல்லாமல் விட முடியாது, சொல்ல விருப்பமும் இல்லை. கறுப்பு வெள்ளைக் கோடுகளால் அதற்குக் கைதி என்று பெயர். (போகம்பரைச் சிறையில் நாங்கள் கண்ட கைதிகளுக்கு வெள்ளை உடுப்புத்தான். கோடு போட்ட கைதி படத்தில் மட்டும்.) பூச்சட்டிக்குள் முட்டை வைத்தார்கள். மூன்றாம் நாள் பொரித்தது. ஒரு வாரத்தில் குஞ்சுகள் புகை மாதிரிக் கலைந்து நீந்தின. விரலளவு தாயும் தகப்பனும் சேர்ந்து, தங்களைப்போல நான்கு மடங்கு பெரிய ஒஸ்காரைத் தொட்டியின் மறு முனைக்குத் துரத்திவிட்டு, இரவு பகலாகக் காவல் நின்றன. குஞ்சு ஒன்று விலகினால் தகப்பன் அதை வாயில் எடுத்து வந்து கும்பலுக்குள் துப்பும். எனக்கு அவர்கள்மேல் இரக்கம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை எதிரிகளுக்கு நடுவில் எதற்குக் கஷ்டப்பட வேண்டும்? மூன்றடித் தொட்டி ஒன்று வாங்கி, சட்டியோடு சோடியை அங்கே மாற்றினேன். எதிரியே இல்லாத வீடு.

ஐந்தாம் நாள் பெண்ணின் வாலில் கிழிசல் இருந்தது. ஏழாம் நாள் அது தண்ணீர் மட்டத்தில், மூலையில், உடம்பைச் சாய்த்துக்கொண்டு நின்றது. மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வேலைக்குப் போனேன். பின்னேரம் வந்தபோது செத்துக் கிடந்தது. ஒரு கண் இல்லை. ஆண் பூச்சட்டி வாசலில் நின்று, கண்ணாடியில் தெரிந்த தன் நிழலோடு முட்டிக்கொண்டிருந்தது.

மாத்தயா குறை சொல்லவில்லை. அடுத்த நாள் ஓரம் மடங்கிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். ஒஸ்ட்ரியரான கொன்ராட் லோரன்ஸ் 1963-இல் எழுதிய, மூர்க்கத்தைப் பற்றிய புத்தகம். அதில் என் மூன்றடித் தொட்டி இருந்தது. லோரன்ஸும் சிக்லிட் வளர்த்தவர். ஒரு தொட்டியை நடுவில் கண்ணாடி வைத்துப் பிரித்து, இரு பக்கமும் ஒவ்வொரு சோடியைப் போட்டால், ஆண்கள் கண்ணாடி வழியாகப் பக்கத்து வீட்டுக்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டு, தங்கள் வீட்டில் ஒழுங்காக இருக்கும். நடுக்கண்ணாடியில் பாசி படர்ந்து பக்கத்து வீடு மறைந்துவிட்டால், ஆண் தன் சோடியைக் கடிக்கத் தொடங்கும். பாசியைத் துடைத்தால் மறுபடி வீட்டில் அமைதி. நான் செய்தது பாசியைப் பூசிவிட்ட வேலை.

லோரன்ஸுக்கு 1973-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆள் 1938-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் என்றும் மாத்தயாதான் சொன்னார். மீனையும் வாத்தையும் அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கத் தெரிந்தவருக்கு மனிதரைப் பார்க்கத் தெரியாமல் போயிற்று. அதனால், மீனில் ஒன்றைக் கண்டவுடன் மனிதனுக்குத் தாவுகிறவர்களை நான் நம்புவதில்லை. கண்டியில் ஒரு தமிழன் சண்டைக்கார மீன்களைக் கலந்து வளர்க்கிறான் என்றால் கேட்கிற ஆட்கள் எல்லோரும் ஒரே பகிடியைத்தான் விடுவார்கள். 1983 கலவரத்தின்போது எனக்குப் பத்து வயது. அதைச் சொல்ல எனக்கு மீன் தேவையில்லை.

என் மனைவி மட்டக்களப்பு. அவருக்கு இந்த அமெரிக்க மீன்கள் மேல் மரியாதை கிடையாது. "இதுகள் என்ன மீன்? எங்கட வாவியில இல்லாத மீனா?" என்பார். உண்மைதான். சிக்லிட் குடும்பத்தில் தெற்காசியாவுக்கு என்று இருப்பவை மொத்தமாக மூன்றே இனம், அவையும் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான். மூன்றில் இரண்டு எங்கள் களப்புகளில் வாழ்கின்றன. பெரியது சிங்களத்தில் கொரலியா; கேரளத்தார் கரிமீன் என்று வாழையிலையில் சுற்றிப் பொரிப்பது, 2010-இல் தங்கள் மாநில மீனாக அறிவித்தது. சின்னது, மஞ்சள் உடம்பில் செம்பொட்டு வைத்த ஆரஞ்சு குரோமைட். ஒரு சித்திரை விடுமுறையில் மாமனார் வீட்டிலிருந்து இரண்டிலும் சிலவற்றை, காற்றடைத்த பையில், பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் ஊர் வந்துசேரும்வரை, இதில் எது குழம்புக்கு நல்லது என்று விளக்கிக்கொண்டே வந்தார்.

அவற்றைப் பெரிய தொட்டியில் விடவில்லை. ஆளில்லாமல் கிடந்த மூன்றடித் தொட்டியில் பீலித்தண்ணீரோடு கல்லுப்புக் கரைத்து விட்டேன். உப்பில்லாத மலைத்தண்ணீரில் அவற்றுக்குப் பூஞ்சணம் பிடித்துவிடும். அங்கே கண்டது, பெரிய தொட்டியில் பத்து வருடத்திலும் காணாத காட்சி. பெரிய கொரலியா உடம்பைச் சாய்த்துத் துடுப்பை விரித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். சின்ன மஞ்சள் மீன் வந்து அதன் துடுப்பையும் விலாவையும் கொத்திக் கொத்தி, ஒட்டுண்ணிகளைச் சுத்தம் செய்யும். ரிச்சர்ட் வைமனும் ஜெக் வார்டும் 1972-இல் இதை எழுதியிருக்கிறார்கள். இந்த நட்பை ரொம்பவும் மெச்ச வேண்டாம். கொரலியா முட்டை வைத்தால் அந்த முட்டையைத் தின்ன முதலில் வருவதும் அதே மஞ்சள் மீன்தான். மனைவி அவற்றைக் கண்டு மனம் மாறினாரா என்று கேட்பீர்கள். "கொஞ்சம் புளி கூடப் போட்டு..." என்று தொடங்குவார், நான் அறையைவிட்டுப் போய்விடுவேன்.

2022 வந்தது. தை மாசியில் மின்வெட்டு ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் என்று தொடங்கியது. பங்குனி கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் என்று அறிவித்தார்கள். மோட்டர் நின்றால் வடிகட்டி நிற்கும், காற்றுக்குமிழி நிற்கும். 680 லீட்டரில் அத்தனை பெரிய உடம்புகள் மூச்சுவிட வேண்டும். பற்றரியில் ஓடும் சின்னப் பம்ப் ஒன்று இருந்தது, அதற்குப் போடும் பற்றரி கடையில் இல்லை. டீசல் இல்லை, காஸ் இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. மனிதருக்குப் பால்மா தேடி அலைகிற நாளில், மீனுக்குப் பற்றரி இருக்கிறதா என்று கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. தீனியை நிறுத்தினோம். ஹந்தானைக் குளிர் கொஞ்சம் உதவியது. குளிர்ந்த தண்ணீர் காற்றைக் கூடப் பிடித்து வைத்துக்கொள்ளும். மற்றபடி செம்புதான். தொட்டித் தண்ணீரை மொண்டு, கை உயரும் மட்டும் உயர்த்தி, நுரைக்க நுரைக்கத் திரும்ப ஊற்ற வேண்டும். நானும் மனைவியும் மகளும் முறைவைத்து நின்றோம். மாத்தயாவும் வந்து ஒரு முறை எடுத்துக்கொள்வார். அவருக்கு அப்போது எண்பதை நெருங்கும் வயது, தோள் நோவு. ஆனாலும் செம்பைக் கீழே வைக்கமாட்டார்.

ஓர் இரவு, பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். மகள் டோர்ச்சைத் தொட்டிமேல் பிடித்தாள். எல்லா மீன்களும் மேலே வந்திருந்தன. டெம்ப்ஸி, பதினொரு வயதுக் கிழவன், வாயைத் தண்ணீர் மட்டத்தில் வைத்துத் திறந்து திறந்து மூடியது. அதன் தோளோடு தோள் ஒட்டி கிரீன் டெரர். அதற்கடுத்து இரண்டு ஒஸ்கார்களும் பார்ப்களும். கொன்விக்டின் பேரப்பிள்ளைகள் ஒஸ்காரின் வாய்க்கு ஓரங்குலத்தில் நின்றன. ஒஸ்கார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கல்லடிகள் எல்லாம் காலி. ஒரு துரத்தல் இல்லை, ஒரு வாலடி இல்லை. ஒரே வரிசையில், ஒரே தாளத்தில், வாய்கள் மட்டும் அசைந்தன.

"அப்பா, பாருங்க. எல்லாம் ஃபிரண்டாகிட்டுது" என்றாள் மகள்.

நான் செம்பை அவளிடம் கொடுக்காமல் நானே ஊற்றிக்கொண்டிருந்தேன். கை மரத்துப்போயிருந்தது. மனைவி சுவரில் சாய்ந்து, அடுத்த முறைக்குக் காத்திருந்தார். மாத்தயாவை வீட்டுக்குப் போகச் சொல்லி அரை மணித்தியாலமாகிவிட்டது, அவர் போகவில்லை. கதிரையில் இருந்தபடி வெற்றிலையில்லாத வாயை மென்றுகொண்டிருந்தார்.

மின்சாரம் வந்தது. எதிரே மலையில் விளக்குகள் ஒன்றொன்றாக எரிந்தன. மோட்டர் ஒருமுறை திணறி, பிறகு உறுமியது. நுரை தொட்டியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஓடியது. நாங்கள் யாரும் படுக்கப் போகவில்லை. பத்து நிமிடம், இருபது நிமிடம். பார்ப் ஒன்று கீழே இறங்கியது. பிறகு ஒஸ்கார். டெம்ப்ஸி கடைசியாக இறங்கி, பெரிய கல்லைச் சுற்றி ஒரு தடவை வந்தது. கிரீன் டெரர் மரவேருக்குப் போகிற வழியில் எல்லையைக் கொஞ்சம் மீறிவிட்டது போலிருக்கிறது. டெம்ப்ஸி கறுத்தது. செவுளை விரித்தது. ஒரே பாய்ச்சல்.

மாத்தயா தொடையில் தட்டிச் சிரித்தார். "ஹரி, மல்லி. ஹரி" என்று சரி சொல்லி எழுந்து, டோர்ச்சை வாங்கிக்கொண்டு தன் வீட்டுக்கு இறங்கினார்.

விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. எவ்வளவு நேரமென்று தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் மணல் சரிகிற சத்தம், பிறகு 'டொக்'.

அடுத்த அறையில் கட்டில் கிறீச்சிட்டது.

"தம்பி, தூங்குடா" என்றார் அம்மா. "கல்லு உருண்டுருச்சு."